நான் பிரித்து உட்காரவைத்த இரண்டு பிள்ளைகள்

"உன் வவுத்துல பொறந்த பொண்ணா இருந்தா, அவ பக்கத்துல குந்த வெப்பியா மேடம்?"

தலைமையாசிரியர் அறையில் ஷாலினியின் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. இப்போது நான்கு முடியப்போகிறது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பள்ளி ஆலோசகர் வேலையிலிருந்து நான் விலகிவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும், முன்பு நடந்த ஒரு நிகழ்வைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சரியாகச் செய்த வேலைகளும் சில உண்டு. அவை கோப்புகளில் இருக்கின்றன, எடுத்துப் படித்துக்கொள்ளலாம். இது கோப்பில் தவறாக இருக்கிறது. நான்தான் தவறாக எழுதினேன். அதனால் இதைச் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

மயிலாப்பூரில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவில் புகையிலைப் பொட்டலங்கள் கிடைத்தன. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைத்துக்கொள்ளும் சிறிய பொட்டலங்கள் அவை. பிள்ளைகள் அதற்குத் 'தலையணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "தலையணை இருக்கா?" என்று ஆசிரியர் காதுபடவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெண்கள் கழிப்பறையின் ஜன்னல் மேடையில் ஏழெட்டுப் பொட்டலங்கள் கிடந்த பிறகுதான் விஷயம் தலைமையாசிரியர்வரை போனது. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் இதை யார் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்றார் அவர். எனக்கு மூன்று நாள் இருந்தது.

அவசரத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது புதிய முகம்தான். அந்த வகுப்பில் புதிய முகம் என்றால் பிங்கிதான், இரண்டு வருடம் முன்பு வந்து சேர்ந்தவள். பீகாரிலிருந்து வந்த குடும்பம். அப்பா தி. நகர் கடைகளிலும் புதிய அடுக்குமாடிகளிலும் டைல்ஸ் ஒட்டுகிறவர். பள்ளிக்கு மேற்கே கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் பின்னால், தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பிங்கியின் உள்ளங்கையில் எப்போதும் புகையிலை வாசனை வரும் என்று கணக்கு ஆசிரியை சொன்னார். நான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நோட்டு கொடுப்பதுபோல் அருகில் போனேன். ஆமாம், வாசனை இருந்தது.

"கையில என்ன வாசனை பிங்கி?"

"அப்பாக்கு தேய்ச்சு தர்றது மிஸ். டெய்லி காலீல தருவேன். அதுக்கு இன்னா இப்போ?"

இரண்டே வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட தமிழ் இது. இதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாலினி. நான் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எதைத் தேய்த்துத் தருகிறாள், எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'வீட்டில் புகையிலையைக் கையாள்வதை மாணவி ஒப்புக்கொண்டார்.' ஒப்புக்கொண்டார் என்ற அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. குற்றம் சாட்டாமலே அவளை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. நம் வழக்கப்படி நட்புப் படம் வரைந்தேன். உங்களுக்கும் இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்கும், யாரோடு வீட்டுக்குப் போவாய், யாரிடம் ரகசியம் சொல்வாய் என்று மூன்று கேள்விகள். பிள்ளைகள் எழுதித் தரும் பெயர்களை வட்டமாகப் போட்டு, அம்புக்குறிகளால் இணைக்க வேண்டும். ஷாலினி மூன்று கேள்விக்கும் பிங்கி என்றே எழுதியிருந்தாள்.

இரண்டாவது பதில் எனக்குத் தப்பாகப் பட்டது. பிங்கியின் கொட்டகை மேற்கே இருக்கிறது. ஷாலினி கிழக்கே பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவள். அவளுடைய குடும்பம் தலைமுறைகளாகக் கால்வாய்க்கரையில் இருந்தது. அங்கே வீடுகளை இடித்து, நகருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்த பிறகும், அம்மாவுக்கு வேலை மந்தைவெளியில் மூன்று வீடுகளில் இருந்ததால் பள்ளியை மாற்றவில்லை. அம்மா காலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து, இரண்டு மணிக்கு வேலை முடிந்து திரும்பிவிடுவார். ஷாலினி மாலையில் தனியாக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அப்படிப்பட்டவள் பிங்கியோடு எப்படி வீட்டுக்குப் போவாள்? கேள்வி புரியாமல் எழுதிவிட்டாள் என்று நினைத்து, அந்த அம்புக்குறியை ரப்பரால் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஷாலினியின் அம்மா உட்காரவே இல்லை.

"என் பொண்ணு இந்த எடத்துல பொறந்தவ மேடம். எத்தினி பேர் கெட்டுப்போனத பார்த்துகினு வளந்தவ. அவ ஒண்ணும் தொட்டதில்ல. இப்ப எங்கிருந்தோ வந்தவளால பேர் கெடுது. அவள வேற கிளாசு, வேற தாவுக்கு மாத்து."

பிங்கியின் அப்பா கைகட்டி நின்றார். சிமெண்ட் வெள்ளை நகக்கண்களில் இருந்தது. "மேடம், நம்ம பிங்கி அச்சா லட்கி, நல்ல பொண்ணு. அந்தப் பொண்ணு கூட சேர்ந்து ஊர் பாஷை மறந்துபோச்சு, பெரியவங்கள எதிர்த்துப் பேசுது. அலக் பண்ணுங்க, தனியா வைங்க. நம்ம சொல்றது அதான்."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். அவரவர் பிள்ளையை இன்னொருத்தியிடமிருந்து காப்பாற்றச் சொன்னார்கள். நான் தயங்கியபோதுதான் ஷாலினியின் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். அன்று காலை என் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டபோது, மூக்கு ஒழுகிய ஒரு குழந்தையின் பக்கத்திலிருந்து அவளைத் தூக்கி வேறு பாயில் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என்னால் "வெப்பேன்" என்று சொல்ல முடியவில்லை.

பிங்கியைப் பி பிரிவுக்கு மாற்றினோம். பி பிரிவுக்கு மாலையில் நாற்பது நிமிடம் கூடுதல் வகுப்பு உண்டு. படிப்புக்கும் நல்லதாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைமையாசிரியரின் மேசையைத் துடைக்க வந்த பள்ளி ஆயா, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "இன்னா மிஸ், என் வாயிலயுந்தான் பொகல கீது. என்ன எந்த வகுப்புக்கு மாத்தப் போறே?"

தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் எல்லாம் அமைதியாக இருந்தது. கழிப்பறையில் எதுவும் கிடைக்கவில்லை. மாத அறிக்கையில் 'பிரச்சினை கட்டுக்குள்' என்று எழுதினேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ஏ பிரிவு விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆயா ஒரு பையோடு என் அறைக்கு வந்தார்.

"ஷாலினி பை மிஸ். பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு. பஸ் பாஸும் உள்ளயே கீது. பாஸ் இல்லாம எப்டி பஸ் ஏறினா?"

பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது, சாப்பிடவில்லை. கணக்கு நோட்டு அட்டைக்குள் நான்கு தலையணைகள் செருகியிருந்தன. மூடி போட்ட ஒரு சின்ன டியூப் இருந்தது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். ஒரு துணித் துண்டும் இருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் புரிந்தது, துணியில் தடவிப் போதைக்காக முகர்கிறாள்.

ஷாலினியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் நகருக்கு வெளியே வீட்டில் இருந்தார். "அவ வர்ற நேரம் இன்னும் ஆவலியே மேடம். பஸ்ஸுல வந்துகினு இருப்பான்னு நெனச்சேன். எங்க போனா எம்பொண்ணு? நான் இப்ப கெளம்பினாலும் வர ஆறாயிடுமே!" என்று கத்தினார். பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. ஷாலினியின் தங்கையாக இருக்க வேண்டும்.

ஆயா சொன்னார்: "அந்த இந்திக்காரப் பொண்ணக் கேளு. அவளுக்குத் தெரியும்."

கூடுதல் வகுப்பிலிருந்து பிங்கியை வெளியே கூப்பிட்டேன். தூணில் சாய்ந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஷாலினி எங்க போயிருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"பிங்கி, அவளுக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா இருக்கு."

"நான் சொன்னா மறுபடி என்ன வேற கிளாஸ்ல போடுவியா மிஸ்?"

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'மாட்டேன்' என்று சொன்னால் உடனே பேசியிருப்பாள். ஆனால் வகுப்பு மாற்றுவது என் கையில் இல்லை. தலைமையாசிரியர் நினைத்தால் போடுவார். பிள்ளைக்கு நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்காதே என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கடைசியில், "தெரியல பிங்கி. போன தடவ நான் தப்பா முடிவெடுத்தேன்னு இப்ப தோணுது. அது மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்" என்றேன்.

அவள் தூணை விட்டு நகர்ந்தாள். "அவ பழைய வூட்டாண்ட இருப்பா. கால்வாய்ல. வா, காட்றேன்."

தலைமையாசிரியர் தடுத்தார். "இன்னொரு பொண்ண அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? போலீசுக்குச் சொல்லிடலாம்." அவர் சொன்னது விதிப்படி சரி. போலீஸ் வண்டியைப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் ஓடுவார்கள், மயக்கத்தில் இருக்கும் பிள்ளையும் சேர்ந்து ஓடுவாள் என்று நான் நினைத்தேன். கரைக்குக் கீழே சேறு. கால் மணி நேரத்தில் நான் போன் செய்யாவிட்டால் போலீசுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பிங்கியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆயாவோடு மட்டும் போயிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து நிமிட நடை. வீடுகள் இடிக்கப்பட்ட இடத்தில் செங்கல் குவியலும் முள்செடியும் இருந்தன. கால்வாய்ச் சுவர்மேல் ஷாலினி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் தண்ணீர்ப் பக்கம் தொங்கின. தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மூன்று வாலிபர்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாய் திறந்தேன். பிங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாத மிஸ். திரும்புவா. வுழுந்துடுவா."

பிறகு என் கையை விட்டுவிட்டு, கல்மேல் கல்லாகக் கால்வைத்து, சத்தமில்லாமல் போனாள். அவர்களில் ஒருவன் பார்த்துவிட்டான். "மச்சி, இந்திக்காரி வந்துட்டாடா!" இன்னொருவன் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், போட்டோ புடிக்க வந்துகீறியா?" என்று எழுந்து வந்தான்.

ஆயா என்னைத் தாண்டிப் போனார். "டேய், நீ மூணாவது சந்து கஸ்தூரி புள்ளதானே? உங்கம்மா நேத்து என்னாண்ட அழுதுச்சு, எம்புள்ள வேலைக்குப் போறான்னு. இதானா வேலை? நில்றா, அவளுக்குப் போன் போடறேன்."

"தோ ஆயா, சும்மா குந்திகினு இருந்தோம்."

"குந்தினது போதும். நட."

அவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பிங்கி சுவரருகே போய்விட்டாள். தொடவில்லை. பக்கத்தில் ஏறி, உள்பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள். தினமும் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"இன்னாடி, பஸ்ஸ வுட்டுட்டியா?"

ஷாலினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "பிங்கி... நீ கிளாஸ்ல இல்லியா?"

"வுட்டுட்டாங்க. வா, அடுத்த பஸ் வர்ற நேரம். இப்டி இந்தாண்ட காலப் போடு. ஒண்ணு. ஹான். இன்னொண்ணு."

இரண்டாவது காலும் உள்ளே வந்தது. ஷாலினி பிங்கியின் மடியில் வாந்தி எடுத்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். தலைமையாசிரியருக்குப் போன் செய்தபோது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் பிங்கியிடம் கேட்டேன். அப்போதுதான் கேட்டேன்.

"டெய்லி பஸ் வர்ற வரைக்கும் நான் அவகூட நிப்பேன் மிஸ். அப்பால திரும்பி வூட்டுக்குப் போவேன். அவ ஒண்டியா நின்னா அவனுங்க வந்து கூப்புடுவானுங்க, தலையணை குடுப்பானுங்க. ஏரியா அண்ணனுங்கதானே, போமாட்டேன்னு இவளால சொல்ல முடியாது. நான் கூட நின்னா கிட்ட வரமாட்டானுங்க. எங்கப்பா கட்டடத்துல நூறு பேர் இருக்காங்கன்னு பயம்."

"இத ஏன் என்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

"நீ கேக்கல மிஸ். கைய மோந்து பார்த்த."

யாரோடு வீட்டுக்குப் போவாய் என்ற கேள்விக்கு ஷாலினி சரியாகத்தான் எழுதியிருந்தாள். அவளுக்கு வீட்டுக்குப் போவது அந்த நிறுத்தத்தில் தொடங்கியது. புதிய முகம் கொண்டுவந்த பழக்கம் என்று நாங்கள் நினைத்தது ஷாலினி பிறந்த கரையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே நின்றவளை நான்தான் கையைப் பிடித்து அப்புறப்படுத்தி, அந்த நாற்பது நிமிடக் கூடுதல் வகுப்பில் உட்காரவைத்தேன்.

மருத்துவமனை வராந்தாவில் ஷாலினியின் அம்மாவும் பிங்கியின் அப்பாவும் எதிரெதிரே நின்றார்கள். பதற்றத்தில் பிங்கியின் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பிங்கி பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினாள். அவர் அதில் புகையிலையும் சுண்ணாம்பும் கொட்டினார். அவள் கட்டைவிரலால் தேய்த்து, தட்டி, தூசியை ஊதித் திருப்பிக் கொடுத்தாள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதுபோல. அதை நான் முழுதாகப் பார்த்தேன். 'அப்பாக்கு தேய்ச்சு தர்றது மிஸ்.'

பிள்ளையின் கையால் அதைச் செய்யவைக்காதீர்கள் என்று அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லவில்லை. அன்று அவரிடம் எதையும் சொல்ல எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. அதுவும் தவறோ என்னவோ.

ஷாலினியின் அம்மா பிங்கியின் பக்கத்தில் போய், அவள் பாவாடையில் காய்ந்திருந்த வாந்தியைத் தன் புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தார்.

மறுவாரம் பிங்கி ஏ பிரிவுக்குத் திரும்பினாள். அதற்கு நான் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். ஷாலினி மருத்துவரிடம் தொடர்ந்து போனாள். இரண்டு முறை சறுக்கினாள், இரண்டு முறையும் பிங்கிதான் என்னிடம் வந்து சொன்னாள். கோடை விடுமுறையில் கட்டடம் முடிந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது பிங்கி வரவில்லை. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பெங்களூர் என்று ஒருவர் சொன்னார், பெருங்குடிப் பக்கம் என்று ஒருவர் சொன்னார். போன் எண் மாறிவிட்டது. ஷாலினி இப்போது வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. எப்போதாவது பேசுவாள். நன்றாக இருக்கிறேன் என்பாள். அந்தக் குரலை நம்பலாமா என்று போனை வைத்த பிறகு நெடுநேரம் யோசிப்பேன்.

இதெல்லாம் தெரிந்த எனக்கு, இப்போது என் வீட்டிலேயே ஒரு சோதனை. நங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடியின் காவலாளி நேபாளத்திலிருந்து வந்தவர். அவருடைய மகளுக்கு ஆறு வயது. அவளும் என் மகளும் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள். போன வாரம் என் மகள் ஒரு குச்சியை உதட்டில் வைத்து, புகை விடுவதுபோல் ஊதிக் காட்டினாள். எங்கே கற்றாய் என்று கேட்குமுன் என் கை அவளைத் தூக்கிக்கொண்டது, கதவைச் சாத்தியது. பிறகு கேட்டேன். எதிர் வீட்டு மாமா பால்கனியில் செய்வதைப் பார்த்தாளாம். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர், வங்கியில் வேலை.

கதவைச் சாத்தியது சாத்தியதுதான். வெளியே அந்தச் சிறுமி சிறிது நேரம் நின்றிருக்கிறாள். நான்கு நாளாக அவள் மணி அடிக்கவில்லை. ஏன் வரவில்லை என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் இளையவர்கள், படித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நானே கீழே போய் அந்தக் குழந்தையைக் கூப்பிட வேண்டும், அது தெரிகிறது. ஆனால் படியிறங்கும்போதெல்லாம் ஷாலினியின் அம்மா கேட்டது காதில் விழுகிறது, பாதியில் நின்றுவிடுகிறேன். வேலையில் உட்கார்ந்து அடுத்தவர் பிள்ளைக்கு முடிவெடுப்பவர்கள், தங்கள் பிள்ளைக்கு எப்படி முடிவெடுப்பது? அந்தக் குழந்தையிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது? தயவுசெய்து எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு அவள் கீழே, தண்ணீர்த் தொட்டி அருகே தனியாக விளையாடிக்கொண்டிருப்பாள்.